எலியா, பன்றியா? திருத்தணிக்காரரின் சீன ராசி

1957 செப்டம்பர். குடியரசுத் துணைத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் சீனாவுக்கு அரசுமுறைப் பயணம் போயிருந்தார். பீகிங்கில் சோங்நான்ஹாய் என்ற மதில் சூழ்ந்த வளாகத்தில் மாவோ குடியிருந்தார். விருந்தாளியை வரவேற்க அவரே முற்றம் வரை வந்தார். இருவரும் கை குலுக்கினார்கள். கை குலுக்கிய கையோடு ராதாகிருஷ்ணன் மாவோவின் இடது கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டார். சுற்றி நின்றவர்கள் திகைத்துப்போய்ப் பார்க்க, பதற வேண்டாம், ஸ்டாலினையும் போப்பாண்டவரையும்கூட இப்படித்தான் தட்டினேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தாராம். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான நட்வர் சிங் சொல்லிப் பரவிய கதை இது. அன்றைய விருந்தில் மாவோ தன் சாப்பாட்டுக் குச்சியால் ஓர் இறைச்சித் துண்டை எடுத்து அன்போடு விருந்தாளியின் தட்டில் வைத்தார் என்பது கதையின் பின்பாதி. விருந்தாளி சுத்த சைவம் என்பது அவருக்குத் தெரியாது.

இந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு சீன ஜோதிடரிடம் கேட்டால், முதலில் இருவரின் பிறந்த தேதியைத்தான் விசாரிப்பார். மாவோ பிறந்தது 1893 டிசம்பர் 26. அது பாம்பு ஆண்டு, அதில் சிக்கல் இல்லை. ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில், 1888 செப்டம்பர் 5. அது எலி ஆண்டு. ஊரறிந்த தேதி, ஆசிரியர் தினமாக நாடே கொண்டாடும் தேதி. ஆனால் அந்தத் தேதியில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். எலி ஆண்டில் பிறந்தவர் எப்படி இருப்பார் என்று சீனர்கள் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

சீன ஜோதிடத்தில் ராசி மாதத்தைப் பொறுத்ததல்ல, ஆண்டைப் பொறுத்தது. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று பன்னிரண்டு விலங்குகள் ஆண்டுக்கு ஒன்றாக முறைபோட்டு வரும். எலி ஏன் முதலில் நிற்கிறது என்பதற்குச் சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. வானுலகை ஆளும் ஜேட் பேரரசர் விலங்குகளுக்கு ஒரு பந்தயம் வைத்தார். ஆற்றைக் கடந்து முதலில் வருகிறவருக்கு முதல் ஆண்டு. எலிக்கு நீந்தத் தெம்பில்லை, எருதின் முதுகில் தொற்றிக்கொண்டது. கரை வந்ததும் எருதின் தலையிலிருந்து ஒரே தாவலில் முன்னே குதித்து முதலிடத்தைத் தட்டிக்கொண்டது. காலையில் என்னை எழுப்பிவிடு என்று கேட்டிருந்த பூனையை எழுப்பாமலே போய்விட்டது. பன்னிரண்டில் பூனைக்கு இடமில்லாமல் போனது இப்படித்தான். பூனை எலியைத் துரத்துவதும் அதனால்தான் என்று கதையை முடிப்பார்கள்.

எலி ஆண்டுக்காரருக்குச் சொல்லப்படும் குணங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்தக் கதைக்குள்ளேயே அடங்கிவிடும். கூர்மையான புத்தி. சந்தர்ப்பத்தை மோப்பம் பிடிக்கும் மூக்கு. பெரியவர்கள் தோளில் ஏறி உயரத் தெரிந்த சாமர்த்தியம். சிக்கனம், சேமிப்பு. பேச்சில் வசீகரம், மனசுக்குள் இருப்பது வெளியே வராது. குடும்பப் பாசம் அதிகம். குறை சொல்வதில் கெட்டிக்காரர், சமயத்தில் சுயநலம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு விலங்கும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து பூதங்களோடும் ஒவ்வொரு முறை சேரும். 1888 'மண் எலி'. மற்ற எலிகளைவிட நிதானமும் உழைப்பும் கூடுதலாக உள்ள எலி என்பார்கள்.

இந்தக் குணப்பட்டியல் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. 1975-ல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில், சின் அரசு காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையிலிருந்து எழுத்துள்ள மூங்கில் சீவல்கள் கிடைத்தன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் பகுதியும் அதில் உண்டு. நம்மூர்ப் பஞ்சாங்கம் மாதிரி. விலங்குகளின் வரிசை ஏறக்குறைய முழுதாகக் காணக் கிடைக்கும் மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் அதில் வருவது குழந்தைகளின் குணம் அல்ல, திருடர்களின் அங்க அடையாளம். எந்த நாளில் பொருள் களவு போனதோ அந்த நாளுக்குரிய விலங்கின் சாயலில் திருடன் இருப்பான் என்பது கணக்கு. எலி நாளில் களவு போயிருந்தால் கூர்மையான வாய், அரும்பு மீசை, கருத்த நிறம், கைவேலையில் சூரன் என்று தேட வேண்டும். மை போட்டுப் பார்த்துக் களவைக் கண்டுபிடிக்கிற நம்மூர் வழக்கம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. போலீஸ் வேலைக்குப் பிறந்த பட்டியல் பிற்பாடு பிள்ளைகளின் ஜாதகமாக உத்தியோக உயர்வு பெற்றிருக்கிறது!

சரி, திருத்தணிக்காரருக்கு எலிக் குணம் பொருந்துகிறதா?

நன்றாகவே பொருந்துகிறது. அப்பா வீராசாமி ஜமீன் ஒன்றில் சின்ன வருவாய்த் துறை வேலை பார்த்தவர். பெரிய வசதி கிடையாது. பையன் திருத்தணியிலும் பிறகு திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் என்று ஊர் ஊராகவும் உதவித்தொகையை நம்பிப் படித்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தத்துவப் பாடத்தை அவர் எடுத்ததற்குக் காரணம் தத்துவ தாகம் அல்ல. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம், பாடம் முடிவாகிவிட்டது. உலகம் போற்றிய தத்துவ மேதையின் தொடக்கம் இவ்வளவு சிக்கனமானது. எலி ஆண்டு ஜோதிடருக்கு இது ஒன்று போதும்.

இன்னும் வேண்டுமென்றாலும் இருக்கிறது. 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918-ல் மைசூர், 1921-ல் கல்கத்தா, 1931-ல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936-ல் ஆக்ஸ்போர்டு. மைசூரை விட்டுக் கிளம்பியபோது மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து, குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். வசீகரம் என்றால் அது வசீகரம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. சீன எலிக்கோ ஒரு வளை போதாது, பலவும் வேண்டும். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலி, ஆக்ஸ்போர்டில் 1952 வரை பேராசிரியர் நாற்காலி என்று இரண்டு கண்டங்களில் இருந்தவருக்கு அந்தக் குணமும் சரியாக ஒட்டுகிறது.

ஒட்டாத ஒன்றும் உண்டு. தன் விலங்கின் ஆண்டு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும்போது அது சோதனைக் காலம் என்று சீனர்கள் அஞ்சுவார்கள். நம்மூர் ஏழரைச் சனி அளவுக்கு நீளமில்லை, ஒரே வருஷம்தான். தோஷம் தாக்காமல் இருக்கச் சிவப்புக் கயிறு, சிவப்பு உள்ளாடை என்று அணிவார்கள். ராதாகிருஷ்ணனுக்கு 1936 அப்படி ஓர் எலி ஆண்டு. ஆக்ஸ்போர்டு பதவி கிடைத்தது. 1948 அடுத்த எலி ஆண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார். 1960-ம் எலி ஆண்டுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக, திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சோதனைக் காலம் என்று யார் சொன்னாலும் திருத்தணிக்கு அது நம்பத் தகுந்ததாக இல்லை.

எலி சீனாவுக்கு மட்டும் சொந்தமல்ல. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு விலங்குப் பட்டியல் இருக்கிறது. பத்துப் பொருத்தத்தில் யோனிப் பொருத்தம் என்று ஜோதிடர் சொல்லிக் கடந்துபோவாரே, அதுதான். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு. அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை, ரோகிணிக்குப் பாம்பு, சித்திரைக்குப் புலி, அனுஷத்துக்கு மான். ஆயில்யத்துக்குப் பூனை, அடுத்த நட்சத்திரமான மகத்துக்கும் அதற்கடுத்த பூரத்துக்கும் எலி. பூனையும் எலியும் பகை. பசுவுக்குப் புலி, யானைக்குச் சிங்கம், குதிரைக்கு எருமை, நாய்க்கு மான், ஆட்டுக்குக் குரங்கு பகை. சீனப் பந்தயத்தில் தோற்ற பூனை, நம் பட்டியலில் எலிக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியேறி உட்கார்ந்திருக்கிறது.

திருத்தணி மலைக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியல்களை வைத்து நல்ல விளையாட்டு ஒன்று ஆடலாம். முருகனின் கொடியில் உள்ள சேவல் சீன ராசியில் இருக்கிறது, நம் யோனிப் பட்டியலில் இல்லை. தணிகைச் சன்னதியில் சுவாமியைப் பார்க்காமல் கிழக்கு நோக்கி நிற்கிற யானை நம் பட்டியலில் இருக்கிறது, சீனத்தில் இல்லை. தெய்வானை கல்யாணத்துக்கு இந்திரன் சீராகக் கொடுத்த ஐராவதம் அது. யானை போனதும் தேவலோகத்தின் செல்வம் குறைய, இந்திரன் இருக்கும் திக்கைப் பார்த்து நிற்கட்டும் என்று முருகன் திருப்பி நிறுத்தினாராம். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி தூக்கிக்கொண்டு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து சேர்கிறார்களே, அந்தக் கிருத்திகைக்கு விலங்கு பெண் ஆடு. முருகனின் இன்னொரு நாளான பூசத்துக்கு ஆண் ஆடு. சீனக் கணக்கில் ஆடு என்றால் சாது, கலைப் பிரியர், சண்டை என்றால் ஒதுங்கிக்கொள்பவர். சூரனை வென்றவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கோபம் தணிந்து அமர்ந்த மலை என்பதால் திருத்தணியில் மட்டும் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். விடாக்கண்டன் ஜோதிடர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பொருத்திக் காட்டிவிடுவார்.

எலிக்குத் திரும்புவோம். 1888 செப்டம்பர் 5 ஆவணி அமாவாசையை ஒட்டிய நாள். சந்திரன் சிம்மத்தில், மகத்திலிருந்து பூரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த பொழுது. இரண்டில் எது நட்சத்திரமாக இருந்தாலும் விலங்கு எலிதான். ஆக, அந்தத் தேதியை நம்பினால் ராதாகிருஷ்ணன் சீனக் கணக்கிலும் எலி, தமிழ்க் கணக்கிலும் எலி.

இப்படி இரட்டை எலியாகப் பிறந்த இன்னொருவரைத் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். ஜெயலலிதா, 1948 பிப்ரவரி 24. மாசிப் பௌர்ணமி, மக நட்சத்திரம். சீனப் புத்தாண்டு அந்த வருஷம் பிப்ரவரி 10 அன்றே பிறந்துவிட்டதால் அவரும் எலி. அதிலும் 1888-க்குச் சரியாக அறுபது ஆண்டு கழித்து வந்த அதே மண் எலி. மகத்துப் பெண் ஜெகத்தை ஆள்வாள் என்ற பழமொழியைச் சொல்லாத கட்சிக்காரர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார்.

இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒருவர் எதிரிலிருப்பவர் மாவோவே ஆனாலும் கன்னத்தைத் தட்டிப் பேசியவர்; படுக்கையில் சாய்ந்தபடியே புத்தகம் படித்தும் எழுதியும் பொழுதைக் கழித்தவர்; தேர்தல் மேடை ஏறிக் கட்சி நடத்தியவர் அல்லர். இன்னொருவர் அமைச்சர்களையே எட்ட நிற்க வைத்தவர்; கூட்டத்தையும் கட்சியையும் ஒற்றை ஆளாகக் கட்டி ஆண்டவர். புத்தி கூர்மை, நினைவாற்றல், ஆங்கிலப் புலமை இரண்டு பேருக்கும் பொது. ஆனால் அதற்கு எலி எதற்கு? நல்ல பள்ளிக்கூடமும் விடாத படிப்பும் போதும். மண் எலிக்குரிய நிதானத்தை ஜெயலலிதாவிடம் எத்தனை பேர் கண்டார்கள் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சீனர்களைப் போலவே நமக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. பிரபவ தொடங்கி அட்சய வரை. சுவாமிமலைப் படிகள் அறுபதும் அந்த ஆண்டுகளின் கணக்கு. திருத்தணியின் 365 படிகள் வருஷத்து நாள்களின் கணக்கு. அறுபது முடிந்து பிறந்த ஆண்டு மறுபடி வரும்போது சீனர்கள் விருந்து வைக்கிறார்கள், நாம் அறுபதாம் கல்யாணம் செய்கிறோம். சீனச் சுழற்சி 1984-ல் புதிதாகத் தொடங்கியது, நம்முடையது 1987-ல். மூன்றே வருஷ வித்தியாசம். இரண்டும் தனித்தனியே வளர்ந்த கணக்குகள், உறவு கொண்டாட அவசரப்பட வேண்டாம்.

குழப்பம் ஆண்டு எப்போது பிறக்கிறது என்பதில்தான். திருத்தணி மாதிரி எல்லையோர ஊரில் இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. தெலுங்கு பேசும் வீட்டில் யுகாதி அன்று வருஷம் மாறும். தமிழ் வீட்டில் சித்திரை முதல் தேதி மாறும். வருஷத்தின் பெயர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றேதான். நடுவில் வரும் அந்தச் சில நாள்களில் பிறக்கிற குழந்தைக்கு, எதிரெதிர் வீட்டில் இரண்டு வேறு ஆண்டுப் பெயர்கள். டிசம்பர் 31 இரவு படிக்குப் படி திருப்புகழ் பாடி மலையேறும் படித் திருவிழாவில் பார்த்தால் அதே ஊர் ஜனவரி 1-ஐயும் விடுவதில்லை. வெள்ளைக்கார துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போகிறவர்கள் முதலில் தணிகைத் துரையைப் பார்க்கட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்த வழக்கம் அது.

சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே அமாவாசையைப் பொறுத்து வரும். இது தெரியாமல் ஆண்டை மட்டும் பார்த்து ராசி சொல்கிறவர்கள் அதிகம். எம்.ஜி.ஆரின் பிறந்த நாள் 1917 ஜனவரி 17. 1917 பாம்பு ஆண்டு என்று பட்டியலில் பார்த்து அவரைப் பாம்பு என்று எழுதிவிடுவார்கள். அந்த வருஷம் சீனப் புத்தாண்டு ஜனவரி 23-ல்தான் வந்தது. ஆறு நாள் முந்திய எம்.ஜி.ஆர். டிராகன். சீனர்கள் தலைவர்களுக்கு விரும்புகிற ராசி. ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தால் கட்அவுட்டில் டிராகனும் ஏறியிருக்கும்.

இப்போது அந்தப் பழைய சிக்கலுக்கு வரலாம். ராதாகிருஷ்ணனின் மகன் சர்வபள்ளி கோபால் நாடறிந்த வரலாற்றாசிரியர், நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதியவர். தன் தந்தையின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி 1989-ல் வெளியிட்டார். அதில், ஆவணங்களில் இருப்பது 1888 செப்டம்பர் 5 என்றாலும், தான் உண்மையில் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே தந்தை எண்ணியிருந்தார் என்று பதிவு செய்திருக்கிறார். ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னதாக.

அந்தத் தேதி சரி என்றால் ஜாதகமே தலைகீழ். 1887 பன்றி ஆண்டு. அமாவாசை கணக்கும் மாறி மகம், பூரம் இரண்டும் கைநழுவிப் போகும். இரட்டை எலி ஒரே அடியில் காணாமல் போய்விடும். மாவோவின் கன்னத்தைத் தட்டிய கதையும் புது வேஷம் போடும். சீனப் பகைப் பட்டியலில் எலிக்கு எதிரி குதிரை. பாம்புக்கு நேர் எதிரி பன்றிதான். பகை ராசிக்காரர் ஒருவர் மற்றவரின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டுகிறார், அவர் பதிலுக்குத் தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டாத குறையாகப் பரிமாறுகிறார். எந்த ஜோதிட நூலும் எதிர்பார்த்திருக்காத காட்சி. ஐந்து வருஷத்தில் இரு நாட்டுக்கும் போர் மூண்டதே, அதைப் பாருங்கள் என்று ஜோதிடர் சொல்லக்கூடும். அப்போது குடியரசுத் தலைவர் நாற்காலியில் ராதாகிருஷ்ணன் இருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் எல்லைக் கோட்டுச் சண்டைக்கு இரண்டு கிழவர்களின் பிறந்த வருஷத்தைக் காரணம் காட்டுவது வரலாறு ஆகாது.

பன்றி என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சீனத்தில் அது செல்வத்தின் அடையாளம். பன்றி ஆண்டுக்காரர் பெருந்தன்மையானவர், வெள்ளை மனசு, கொடுத்துச் சிவந்த கை, நல்ல சாப்பாட்டிலும் ஓய்விலும் பிரியம், சண்டையை விரும்பாதவர், எல்லோரையும் நம்புகிறவர் என்பார்கள். இதோடும் ராதாகிருஷ்ணனை வைத்துப் பார்க்கலாம். 1975-ல், இறப்பதற்குச் சற்று முன் கிடைத்த டெம்பிள்டன் பரிசுப் பணம் முழுவதையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். மதங்களுக்குள் சண்டை வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். படுக்கையை விட்டு எழாமல் வேலை செய்யும் பழக்கம் வேறு. அடடா, அச்சு அசல் பன்றி ஆண்டு!

எலியும் பொருந்துகிறது, பன்றியும் பொருந்துகிறது என்றால் கோளாறு ராதாகிருஷ்ணனிடம் இல்லை. குணப்பட்டியல் அப்படித் தைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-ல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குணவிளக்கம் எழுதிக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: 39 பேர் கையிலும் இருந்தது ஒரே விளக்கம். கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்துக் கோத்திருந்தார். வெளியே தைரியசாலி, உள்ளே தயக்கம் என்ற ரகத்தில் எழுதினால் எவருக்கும் பொருந்தாமல் போகாது.

பிறந்த தேதி மாறிப்போவது ராதாகிருஷ்ணன் வீட்டு விசேஷமல்ல. தமிழ்நாட்டில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று அம்மாவுக்குத் தெரிந்தது, இன்னொன்று சர்ட்டிபிகேட்டில் இருப்பது. பையனைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போவார்கள். தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். விரல் காதுமடலில் பட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது. படாவிட்டால் அடுத்த வருஷம் வா. தொட்ட பையனுக்கு ஐந்து வயது நிரம்பும்படி ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். அந்தத் தேதிதான் வேலைக்கும் பென்ஷனுக்கும் கடைசி வரை செல்லும். அதை வைத்துச் சீன ராசி பார்த்தால் கிடைப்பது அவருடைய குணம் அல்ல, தலைமையாசிரியர் அன்றைக்குப் போட்ட உத்தேசக் கணக்கின் குணம்.

விளையாட்டாகப் பார்க்கும் வரை இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டம் பெண்களுக்கு வருகிறபோது கதை மாறுகிறது. சீனச் சுழற்சியைப் பின்பற்றும் ஜப்பானில் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. 1966 அப்படிப்பட்ட ஆண்டு. 1965-ல் ஏறக்குறைய 18.2 லட்சமாக இருந்த குழந்தைப் பிறப்பு 1966-ல் 13.6 லட்சத்துக்கு விழுந்து, 1967-ல் மறுபடி 19 லட்சத்தைத் தாண்டியது. புல்லட் ரயில் ஓடிக்கொண்டிருந்த நாட்டில், பெண் பிறந்துவிட்டால் பிற்பாடு கட்டிக்கொடுக்க முடியாதே என்ற பயத்தில் நாலில் ஒரு பங்குப் பிறப்பு குறைந்தது. சீனாவில் ஆட்டு ஆண்டுப் பெண்ணுக்கு அதே கதி. பத்து ஆடு பிறந்தால் ஒன்பதுக்கு வாழ்க்கை நிறையாது என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு.

அதைப் படித்து நாம் சிரிக்க முடியாது. பெண் மூலம் நிர்மூலம், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது, கேட்டை மூத்தவனுக்கு ஆகாது என்று நம்மிடம் முழுப் பட்டியலே இருக்கிறது. ஜாதகம் வாங்கிப் போன மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பினால், பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரியும். மகத்தில் பிறந்தவள் ஆளப் பிறந்தவள், மூலத்தில் பிறந்தவள் கெடுக்கப் பிறந்தவள் என்ற இரண்டும் ஒரே வாயிலிருந்து வரும் வாக்கியங்கள். முதலாவதை ரசிக்கிறவர்கள் இரண்டாவதற்கும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டியிருக்கும். 2026 பிப்ரவரி 17 அன்று தொடங்குவது மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. 1966 மாதிரியான சரிவு இந்த முறையும் வருமா என்று ஜப்பானின் மக்கள்தொகைக் கணக்கைக் கவனிப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் படித்த பிறகும் நான் எலியா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களாக இருந்தால் தேதியைக் கவனமாகப் பார்க்கவும். எலி ஆண்டு தொடங்கிய நாள்கள் இவை: 1948 பிப்ரவரி 10, 1960 ஜனவரி 28, 1972 பிப்ரவரி 15, 1984 பிப்ரவரி 2, 1996 பிப்ரவரி 19, 2008 பிப்ரவரி 7, 2020 ஜனவரி 25. ஒவ்வொன்றும் அடுத்த சீனப் புத்தாண்டு வரை செல்லும். அடுத்த எலி 2032 பிப்ரவரி 11 அன்று வருகிறது. சர்ட்டிபிகேட்டில் உள்ள தேதியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் வீட்டில் அம்மா இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.